காத்திருக்கச் செய்பவர் காரணம் சொல்ல வேண்டும்

விண்டோஸ் 10 என்னும் கணினி இயங்குதளத்துக்கு அளித்துவந்த பாதுகாப்பை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொள்வதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெகு காலம் முன்னரே அறிவித்திருந்தது. அறிவித்தபடியே நிறுத்தியும் விட்டது. அந்தத் தேதி நம் பஞ்சாங்கக் கணக்கில் புரட்டாசி முடியும் தறுவாய். தீபாவளிக்கு ஆறு நாள் முந்தியது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்து ஜீவனம் நடத்துகிற சிறு ஸ்டூடியோக்காரர்கள், ஐப்பசி கார்த்திகை முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, கேமராவின் லென்ஸைத் துடைத்து வைத்திருக்கும் காலம் அது. அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரத்தில் அமர்ந்து தேதி குறித்தவர்களுக்கு ஐப்பசியைப் பற்றிய பிரக்ஞை இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும் அவர்கள் குறித்த தேதிக்கும் நம்மவர்கள் குறித்த முகூர்த்தத்துக்கும் நேர்ந்த மோதலில் யாருடைய நேரம் வீணாயிற்று, அந்த வீணடிப்புக்கு யார் பொறுப்பு என்பன ஒரு பத்திரிகையில் விவாதிக்கத் தகுந்த விஷயங்களே.

சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில், ஊரார் சி.டி.எச். ரோடு என்று வழங்கும் அந்தச் சாலையில், பாடியிலிருந்து பட்டாபிராம் வரையில் போகிறவர் அண்ணாந்து மாடிகளைப் பார்க்கிற வழக்கம் உடையவராயின், மருந்துக் கடைக்கும் அடகுக் கடைக்கும் மேலே, போட்டோ, வீடியோ, மிக்சிங் என்று எழுதிய பலகைகளைக் காண்பார். மிக்சிங் என்பது இத்தொழிலில் படத்தொகுப்பு. இரண்டு நாள் கல்யாணத்தில் மூன்று கேமராக்கள் அள்ளிக்கொண்டு வரும் காட்சிகளை, மாப்பிள்ளை அழைப்பு முதல் நலங்கு வரையில் வரிசைப்படுத்தி, பெண் வீட்டுப் பெரியவர்கள் ஒருவர்கூட விட்டுப்போகாமல் சரிபார்த்து, மூன்று மணி நேரப் படமாகவும், ஐந்து நிமிஷ டீசராகவும், கைபேசியில் அனுப்பத்தக்க துண்டுகளாகவும் ஆக்கித் தருவது அந்த மாடி அறைகளில் நடக்கும் காரியம். ஜப்பானின் கோபே நகரத்துக் கனோபஸ் நிறுவனத்தில் பிறந்து பின்னர் கிராஸ் வேலி வசமான எடியஸ் மென்பொருள் இவ்வறைகளில் நெடுநாளாகக் குடியிருக்கிறது. அடோபியின் பிரீமியர் புரோவும், ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் இலவசப் பதிப்பாகவும் அளிக்கிற டாவின்சி ரிசால்வும் அதற்குப் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

இந்தப் பிரதேசத்துக்கு இயந்திரம் புதிதன்று. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனமும், 1964-ல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையும், 1965-ல் விஜயந்தா டாங்கியை உருட்டி வெளியே விட்ட ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் மூன்று தலைமுறைத் தொழிலாளிகளுக்கு ஓர் ஒழுங்கைக் கற்பித்திருக்கின்றன. லேத் சரியாக ஓடாவிட்டால் மூடியைத் திறப்பது. பெல்ட்டின் இறுக்கத்தைச் சோதிப்பது. பேரிங்கின் சூட்டைத் தொட்டுப் பார்ப்பது. ஒன்றை மாற்றினால் அதன் பலனைக் கண்ட பிறகே மற்றொன்றை மாற்றுவது. மாற்றியதை ரிஜிஸ்டரில் எழுதுவது. அந்த ஃபிட்டர்கள், டர்னர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான சிலர் இன்றைக்கு மிக்சிங் அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிருக்கும் உபகரணமோ மூடியைத் திறக்க இடம் கொடுக்காதது.

விண்டோஸ் 11-க்கு மாறிய பல அறைகளில் எழுந்த புகார் ஒரே மாதிரியானது. முன்பெல்லாம் அரை நிமிஷத்தில் திறந்துகொண்ட தொகுப்பு மென்பொருள், மாற்றத்துக்குப் பின்னர் தன் பெயரும் சித்திரமும் பொறித்த முகப்புப் பலகையைக் காட்டிக்கொண்டு நான்கைந்து நிமிஷம் அசையாமல் நிற்கிறது. சில சமயம் திறக்கிறது, சில சமயம் ‘பதிலளிக்கவில்லை’ என்ற அறிவிப்போடு மடிகிறது. “சிஸ்டம் சுத்திக்கிட்டே இருக்குண்ணே” என்று உதவியாளன் சொல்கிறான். பக்கத்துத் தெருவில் கணினி பழுது பார்க்கிறவர் வந்து, இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்து, “ஃபார்மட் அடிச்சுடலாம்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

இந்தத் தீர்ப்பின்மேல் எனக்கு வெகு நாளாக மரியாதை குறைவு. வட்டை முழுதும் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவினால் பெரும்பாலும் வேகம் திரும்பிவிடுகிறது என்பது மெய். ஆனால் எது காரணமாக இருந்தது என்ற சாட்சியமும் அதனோடு துடைக்கப்பட்டுப் போகிறது. பழைய எழுத்துருக்களையும், மென்பொருளோடு ஒட்டவைக்கும் துணைக் கருவிகளான பழைய பிளக்-இன்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றி முடித்த சில வாரங்களில் அதே தாமதம் திரும்பி வருகிறது. அப்போது மறுபடியும் ஃபார்மட். காரணத்தை அறியாமல் காரியத்தைச் சரிசெய்யும் இந்தப் பழக்கத்தைத் தொழிற்பேட்டையின் ஒரு ஃபோர்மன் தம் ஷெட்டில் அனுமதித்திருக்க மாட்டார்.

தொகுப்பு மென்பொருள் ஒன்றைத் திறப்பது என்றால் என்ன நிகழ்கிறது என்று சற்று நிதானமாகப் பார்த்தால், தாமதம் மாயமன்று என்பது விளங்கும். அந்த மென்பொருள் ஒரே கோப்பன்று. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளின் தொகுதி. அது விழித்தவுடன் தன் விருப்பப் பதிவுகளைப் படிக்கிறது. திரையட்டை எத்தகையது, அதனிடம் எவ்வளவு நினைவகம் உண்டு என்று விசாரிக்கிறது. கணினியில் உள்ள எழுத்துருக்களை எல்லாம் எண்ணி வரிசைப்படுத்துகிறது. ஒலிக்கும் ஒளிக்குமான பிளக்-இன்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது. சென்ற முறை வேலை செய்த கோப்புகள் இருந்த இடம் இருக்கிறதா என்று தேடுகிறது. உரிமம் செல்லுமா என்று இணையத்தில் கேட்கிறது. நிமிஷத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றால் வினாடிக்கு ஏறத்தாழ நூறு இடங்களுக்கு மேல் தாவிப் படிக்க இயலாது. ஐயாயிரம் இடங்களைத் தொடவேண்டுமென்றால், வேறு இடையூறு ஏதுமில்லாவிட்டாலும், ஐம்பது வினாடி கழிந்துவிடும். எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத வட்டோ வினாடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொட வல்லது. ஆகவே இயங்குதளம் இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கும் அறையில், வேறெந்த ஆராய்ச்சிக்கும் முன்னர் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கி வருவதே விவேகம். அந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு மென்பொருளைக் குறை கூறுவது நியாயமாகாது.

மாற்றத்துக்குப் பிந்திய முதல் இரண்டு நாள் தாமதத்தையும் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. புதிய இயங்குதளம் குடிவந்ததும், வட்டிலுள்ள கோப்புகளையெல்லாம் தேடுவதற்கு வசதியாக அட்டவணைப்படுத்துகிறது. பாதுகாப்புச் சோதகம் அவற்றை முகர்ந்து பார்க்கிறது. மறைவில் இன்னும் பல புதுப்பிப்புகள் இறங்குகின்றன. நூற்றுக்கணக்கான கல்யாணங்களின் காட்சிகளைச் சுமந்த கணினிக்கு இது சிறு வேலையன்று. ஓரிரவு மின்சாரத்தோடு சும்மா விட்டுவைத்தால் இந்தப் பகுதி தானே தீர்ந்துவிடும். மறுநாள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, தொகுப்பு மென்பொருளை அழைத்து, வட்டு முழு வேலையில் மூழ்கியிருக்கிறதா, செயலியாகிய மூளை மூழ்கியிருக்கிறதா, அல்லது இரண்டும் ஓய்ந்திருக்க மென்பொருள் மட்டும் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். மூன்றாவது நிலைமைதான் முக்கியமானது: யாரும் வேலை செய்யாதபோது தாமதம் நேர்ந்தால், மென்பொருள் எதனுடைய பதிலுக்கோ காத்திருக்கிறது என்று அர்த்தம்.

திரையட்டையின் டிரைவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பலரும் அறிவார்கள். இயங்குதளம் மாறும்போது, அட்டை தயாரித்தவர் கொடுத்த டிரைவரை விலக்கிவிட்டுப் பொதுவான ஒன்றை அது வைத்துக்கொள்வதுண்டு. என்விடியா அட்டை உடையவர்கள், விளையாட்டுக்காரர்களுக்கான டிரைவரை விட்டு, 2019 முதல் அந்த நிறுவனம் படைப்புத் தொழிலாளிகளுக்கென்று தனியாக வெளியிடும் ஸ்டூடியோ டிரைவரைச் சுத்தமாக நிறுவுவது நலம். ஆனால் இங்கும் ஒரு காலக்கெடு வந்து குறுக்கே நிற்கிறது. மிக்சிங் அறைகளில் மிகுதியாகக் காணப்படும் ஜி.டி.எக்ஸ். 1050, 1060 ஆகிய அட்டைகளின் வம்சத்துக்கு முறையான புது டிரைவர்கள் வெளியிடுவதையும் 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொள்வதாக என்விடியா அறிவித்தது. அதன் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. ஒரே மாதத்தில் இயங்குதளமும் கைவிட்டு, அட்டையும் கைவிட்டால், சிறு முதலாளி எதைத்தான் முதலில் மாற்றுவான்?

எழுத்துரு விஷயம் நமக்கே உரிய துன்பமாகையால் அதனைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒரு தொகுப்பாளர் தம் கணினியில் சில நூறு எழுத்துருக்கள் வைத்திருந்தால் அதிகம். நம் மிக்சிங் அறைகளில் இரண்டாயிரம், மூவாயிரம் என்று குவிந்திருப்பது சகஜம். இதற்கு வீண் ஆசை மட்டும் காரணமன்று, சரித்திரம் உண்டு. தமிழ்க் கணிமையின் தொடக்க காலத்தில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தம் மனம்போன குறியாக்கத்தை வைத்துக்கொண்டார்கள்; ஒருவர் செய்த ‘க’ மற்றொருவர் எழுத்துருவில் ‘ந’ ஆயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களைத் தரமென ஏற்றது. பின்னர் 2010-ல் யூனிகோடையும் டேஸ்-16 என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. ஆனால் அரசாணை வந்த மாத்திரத்தில் கல்யாணப் பத்திரிகையின் அலங்கார எழுத்து யூனிகோடுக்கு மாறிவிடவில்லை. மேலும், பழைய டைட்டில் கருவிகள் பலவற்றில் யூனிகோடுத் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தன. ‘கோகிலா’ என்ற மணமகளின் பெயர் கொம்பு பிசகித் திரையில் தோன்றினால் அந்தக் குடும்பத்தார் படத்தைப் பெற்றுக்கொள்வார்களா? அதனால் பாமினி வகையும் ஸ்ரீலிபி வகையும் வானவில் வகையும், அவற்றின் தடித்தவையும் சாய்ந்தவையும் நிழலிட்டவையுமாக, ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குப் பென்டிரைவில் பரம்பரைச் சொத்தாக இறங்கிக்கொண்டே வந்தன. நல்வரவு என்று ஒரு சொல்லை அழகாகக் காட்டும் ஓர் எழுத்துருவுக்காக நானூறு எழுத்துருக் கொண்ட தொகுப்பு முழுவதும் ஏற்றப்பட்டது.

இயங்குதளம் மாறும்போது, எழுத்துருக்களைப் பற்றி அது சேமித்துவைத்திருந்த குறிப்புகள் அழிந்து, அவற்றை மறுபடி முதலிலிருந்து உண்டாக்க வேண்டியதாகிறது. தொகுப்பு மென்பொருளும் தன் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கிறது. மூவாயிரத்தில் நாலைந்து பழுதுபட்ட கோப்புகளாக இருந்துவிட்டால், அவற்றின் முன் அது தடுமாறி நிற்கிறது. வைத்தியம் எளிது. எல்லா எழுத்துருவையும் ஒரு தனிக் கோப்புறையில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, சென்ற ஆறு மாதத்தில் டைட்டிலில் உபயோகித்தவற்றை மட்டும் கணினியில் விட்டு, மற்றவற்றை நீக்கிவிடலாம். வேண்டியபோது வேண்டியதை ஏற்றிக்கொள்ளலாம். பிரீமியர் புரோ உபயோகிப்பவர்கள் அதன் விருப்பங்களில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து வகையைத் தேர்ந்துகொண்டால் யூனிகோடுத் தமிழ் ஒழுங்காகவே வரும் என்பதால், இனிச் செய்யும் டைட்டில்களையாவது யூனிகோடில் செய்யத் தொடங்கலாம். நீக்குவதற்கு மனம் வராது என்பது தெரியும். பத்தாண்டுச் சேகரம் அது.

பிளக்-இன் விஷயத்தில் தொழிற்பேட்டையின் ஒழுங்கு நேராகப் பயன்படும். ஒலி பிளக்-இன்களையும், பூ உதிர்வது, தீபம் சுழல்வது முதலிய மாற்றுக் காட்சிகளுக்காக வாங்கிய பிளக்-இன்களையும் மென்பொருள் திறக்கும்போதே சோதிக்கிறது. பழைய இயங்குதளத்துக்கென எழுதிய ஒன்று புதியதில் மௌனமாக நின்றுவிட்டால் பின்னால் உள்ளவையெல்லாம் வரிசையில் நிற்கின்றன. அவற்றில் பாதியை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பார்க்கவேண்டும். வேகம் வந்தால் குற்றவாளி நகர்த்திய பாதியில் இருக்கிறான். வராவிட்டால் எஞ்சிய பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். அறுபத்துநான்கு பிளக்-இன் இருந்தாலும் ஆறே சோதனையில் ஒன்று அகப்பட்டுவிடும். இதற்கும் முன்பாகச் செய்யத்தக்க சோதனை மற்றொன்று உண்டு: கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உண்டாக்கி, அதில் நுழைந்து அதே மென்பொருளைத் திறப்பது. அங்கே விரைந்து திறந்தால், பழுது மென்பொருளிலும் இல்லை, இயங்குதளத்திலும் இல்லை. பழைய கணக்கில் தேங்கிய விருப்பப் பதிவுகளில் இருக்கிறது. பிரீமியர் புரோவை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் அந்தப் பதிவுகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம். ஃபார்மட்டுக்குச் செலவாகும் ஒரு பகலுக்குப் பதில் கால்மணி நேரத்தில் முடியும் காரியம் இது.

முன்னே சொன்ன மூன்றாவது நிலைமை, அதாவது எல்லாம் ஓய்ந்திருக்க மென்பொருள் மட்டும் காத்திருக்கும் நிலைமை, பெரும்பாலும் இல்லாத ஒன்றுக்கான காத்திருப்பு. சென்ற மாதக் கல்யாணத்தின் காட்சிகள் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தன. அந்த டிஸ்க் இப்போது அலமாரியில். இடைக்காலக் கோப்புகளுக்கென்று குறித்த இடம் அந்த டிஸ்க்காக இருந்துவிட்டால், மென்பொருள் கதவைத் தட்டிவிட்டுப் பதில் வரும் என்று நிற்கிறது. பக்கத்து அறைக் கணினியோடு வலையில் இணைத்திருந்த இயக்ககம், மாற்றத்தின்போது கடவுச்சொல்லை மறந்துவிட்டிருந்தாலும் அதே கதி. உரிமச் சரிபார்ப்பும் இவ்விதமே: இணையம் அடியோடு இல்லாவிட்டால் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது, பாதி இருந்து பாதி இல்லாத இணையம்தான் அதிக நேரத்தை விழுங்குகிறது.

உரிமம் என்றவுடன் ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வறைகள் பலவற்றில் உள்ள மென்பொருள் விலை கொடுத்து வாங்கியதன்று, பூட்டுடைத்த பிரதி. அத்தகைய பிரதியை நிறுவும்போது பாதுகாப்புச் சோதகத்தை அணைத்துவைக்கச் சொல்வார்கள். இயங்குதளத்தை மாற்றியதும் சோதகம் தானே விழித்துக்கொண்டு, உடைத்த பாகங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்துகிறது. தாமதத்துக்கு இதுவே காரணமான இடத்தில், அனுதாபப்படுவதற்கு அப்பால் நான் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. இலவசமாகக் கிடைக்கும் ரிசால்வ் ஒரு கல்யாண வீடியோவுக்குப் போதுமானது என்பதைத் தவிர.

இனி என் வழக்குக்கு வருகிறேன். மேலே விவரித்த சோதனைகள் யாவும் ஊகத்தின் வழிகள். எழுத்துருவா, பிளக்-இன்னா, டிஸ்க்கா, உரிமமா என்று தொழிலாளி வெளியிலிருந்து தட்டித் தட்டி அனுமானிக்கிறான். ஆனால் அந்த நிமிஷத்தில் தான் எதன் முன் நிற்கிறோம் என்பது மென்பொருளுக்குத் தெரியும். தெரிந்ததை அது சொல்வதில்லை. முகப்புப் பலகையின் ஓரத்தில் தான் ஏற்றிக்கொண்டிருக்கும் பாகத்தின் பெயரைச் சிறு எழுத்தில் ஓடவிடும் மென்பொருள்கள் சில உண்டு. அவற்றை எழுதியவர்களுக்கு நான் நன்றி சொல்வேன், அவை அந்தப் பெயரை அரை வினாடிகூட நிறுத்தாமல் ஓட்டுகின்றன என்றாலும். பத்து வினாடிக்கு மேல் ஒரு பாகம் தாமதப்படுத்தினால், இன்ன எழுத்துருக் கோப்பு, இன்ன பிளக்-இன், இன்ன இயக்ககம் என்று பெயர் சொல்லி, இதைத் தவிர்த்துவிட்டுத் திறக்கட்டுமா என்று கேட்பதற்குப் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் வேண்டியதில்லை. அத்தகைய விவரங்களை ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும் மென்பொருள்கள்கூட அந்தப் பதிவேட்டைச் சாதாரண மனிதன் கண்டுபிடிக்க முடியாத கோப்புறையில், அவன் படிக்க முடியாத நடையில் வைத்திருக்கின்றன.

இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ஆம் தேதி, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைபேசி முதலிய மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபகரணங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளில், பொருளைச் செய்தவர் பழுதுபார்க்கும் விவரங்களை வாங்கியவருக்கு வெளிப்படையாகத் தரவேண்டும் என்பது அதன் நோக்கம். டிராக்டரின் உரிமையாளர் கேட்கக்கூடிய கேள்வியைத் தொகுப்பு மென்பொருளின் சந்தாதாரர் கேட்க அதில் இடமில்லை. ஐந்தாவது துறையாகத் தொழிலுக்குப் பயன்படும் மென்பொருளையும் அதில் சேர்க்கவேண்டும் என்பது என் கோரிக்கை. ஆவடியில் 1955 ஜனவரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, உற்பத்தியின் பிரதான சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கவேண்டும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று என்பது வேறு கதை. அதே ஆவடியில் இன்று ஒரு மிக்சிங் தொழிலாளியின் உற்பத்திச் சாதனம் சமூகத்தின் வசமும் இல்லை, அவன் வசமும் இல்லை. மாதச் சந்தா கட்டும் வரையில் இரவலாக இருக்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன், அது வலுவானதும்கூட. பழைய இயங்குதளத்தை எந்நாளும் காப்பாற்றிக்கொண்டிருக்க எந்த நிறுவனத்தாலும் இயலாது. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். பத்தாண்டு என்பது கணினி உலகில் அற்ப ஆயுளன்று. பாதுகாப்புத் திருத்தம் இல்லாத கணினியில், பல குடும்பங்களின் அந்தரங்கக் காட்சிகளை வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர் இணையத்தில் உலாவுவது பொறுப்பற்ற செயல். இணையத்தைத் துண்டித்துவிட்டுத் தொகுப்புக்கு மட்டும் பழைய கணினியை வைத்துக்கொள்ளலாமே என்றால், உரிமம் சரிபார்க்க அடிக்கடி இணையம் வேண்டும் என்று சந்தா மென்பொருள் கேட்கிறது. ஆகவே மாறத்தான் வேண்டும். மாறச் சொல்வதை நான் ஆட்சேபிக்கவில்லை. மாறுகிறவனுக்கு அவகாசமும் விவரமும் தரப்படவில்லை என்பதையே ஆட்சேபிக்கிறேன். விண்டோஸ் 11-க்குப் போனவர் பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பப் பத்து நாள் மட்டுமே வழி திறந்திருக்கிறது. அதற்குப் பின் பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும். முகூர்த்த மாதத்தில் பத்து நாள் என்பது இரண்டு கல்யாணத்துக்குள் ஓடிப்போகிற காலம். தாமதத்தின் காரணம் இயங்குதளமா தன் எழுத்துருவா என்று நிச்சயிப்பதற்குள் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

கூடிக் கேட்டால் மென்பொருள் நிறுவனங்கள் இணங்கும் என்பதற்கும் திருஷ்டாந்தம் இல்லாமல் இல்லை. 2011 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் பழைய ஃபைனல் கட் மென்பொருளைக் கைவிட்டு, பழைய வேலைகளைத் திறக்க இயலாத புதிய ஒன்றை வெளியிட்டபோது, தொகுப்பாளர்கள் எழுப்பிய கூக்குரலில் அவ்வாண்டுக்குள்ளேயே பழைய பதிப்பு மீண்டும் சிறிது காலம் விற்பனைக்கு வந்தது. விண்டோஸ் 10-க்கு மேலும் ஓராண்டுப் பாதுகாப்பு வேண்டுவோர் 30 டாலர் கட்டவேண்டும், அல்லது தம் கணினியின் அமைப்புகளை நிறுவனத்தின் சேமிப்பிடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை, நுகர்வோர் அமைப்புகள் வற்புறுத்தியதால் ஐரோப்பியருக்கு மட்டும் தளர்த்தப்பட்டது. நம் மாவட்டந்தோறும் போட்டோ வீடியோகிராபர் சங்கங்கள் இருக்கின்றன. கேமரா வாடகையையும் மண்டபக் கட்டணத்தையும் பற்றித் தீர்மானம் போடும் அச்சங்கங்கள், முகப்புப் பலகையின் மௌனத்தைப் பற்றியும் ஒரு மனு எழுதலாம்.

அதுவரையில் நம் கையில் இருப்பது நம் பஞ்சாங்கம். ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள். அறையில் வேலை தேங்கியிருந்தாலும் புது வேலை வராத காலம். இயங்குதளத்தை மாற்றுவது, டிரைவர் ஏற்றுவது, மென்பொருளின் பெரிய பதிப்பைப் புதுப்பிப்பது ஆகியவற்றை அந்த மாதங்களுக்கென்றே ஒதுக்கி, மற்ற மாதங்களில் திரை என்ன வற்புறுத்தினாலும் தள்ளிப்போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன் வட்டின் முழுப் பிரதி ஒன்றை எடுத்துவைத்தால், பத்து நாள் கெடு நம்மைக் கட்டாது. பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறந்த டைடல் பார்க்கின் அலுவலகங்களில் இந்த வேலைக்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருப்பார்கள். அதே நெடுஞ்சாலையின் மிக்சிங் அறையில் முதலாளியே எல்லாமாகையால், அம்பத்தூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் சிறு ஸ்டூடியோக்காரர்களுக்காக மாலை நேரத்தில் ஒரு குறுகிய கணினிப் பராமரிப்பு வகுப்பு நடத்துவதும் அரசுக்குப் பெரும் செலவு வைக்காது. ஓராண்டு நீட்டிப்புப் பெற்றவர்களுக்கும் 2026 அக்டோபர் 13-ஆம் தேதியோடு கெடு முடிகிறது. அதுவும் புரட்டாசியில்தான் விழுகிறது. அதற்குப் பின் வருவது ஐப்பசி. இடையில் இருக்கிற ஆடியில் இந்த வேலையை முடித்துக்கொள்வது உசிதம்.